பழிக்குத் தொண்ணூற்றிரண்டு மார்க்

"மார்க் போடாதீங்க மேடம். போட்டீங்கன்னா அந்த ஆளோட சேத்து உங்களயும் உட மாட்டேன்."

உள்ளே வந்ததும் வராததுமாக இப்படி ஆரம்பித்தவளை ஜாஹ்னவி நிமிர்ந்து பார்த்தாள். நாற்காலியைக் காட்டினாள். அந்தப் பெண் உட்காரவில்லை. கோபத்தோடு வருகிறவர்கள் உட்கார மாட்டார்கள், உட்கார்ந்தால் பாதி கோபம் போய்விடும் என்ற பயம்.

ஏனாத்தூர் சாலையில் ஒரு ஜூஸ் கடைக்கு மேலே இருந்தது ஜாஹ்னவியின் அலுவலகம். அவள் துப்பறிவாளர்தான். ஆனால் மாப்பிள்ளை குடிக்கிறாரா என்று பார்க்க மாட்டாள். ஜரிகை அசலா என்றும் பார்க்க மாட்டாள். மருந்து டப்பாவுக்குள் மடித்து வைத்த காகிதம், வாஷிங் மெஷினோடு வரும் புத்தகம், மென்பொருளோடு வரும் கையேடு, இவற்றில் யார் எங்கே பொய் சொல்லியிருக்கிறார்கள் என்று கண்டுபிடித்து மார்க் போடுவதுதான் அவள் தொழில். சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு பாசுரத்துக்கு நான்கு உரை வைத்துக்கொண்டு, எந்த உரைகாரர் எங்கே நழுவினார் என்று சாப்பிடும்போதும் சண்டை போடுகிற வீட்டில் பிறந்தவள். வேறு தொழில் அவளுக்கு வந்திருக்க வாய்ப்பில்லை.

"யாரு நீங்க?" என்றாள்.

"சத்யப்ரியா. ஓரிக்கை. மணிவண்ணன் பட்டு மாளிகையில தறியரசிய பாத்துக்கினு இருந்தேன். போன மாசம் தொரத்திட்டாங்க."

மூலையில் ஜூஸ் குடித்துக்கொண்டிருந்த உதவியாளன் அஜித், உறிஞ்சுவதை நிறுத்தினான். முசரவாக்கத்துக்காரன். ஏனாத்தூரில் பொறியியல் படித்து முடித்து வெளியே வந்துவிட்டான். அவனுடைய அரியர்கள் மட்டும் இன்னும் அங்கேயே படித்துக்கொண்டிருக்கின்றன.

"அந்தக் கறுப்பு பார்டர் கல்யாணமா?" என்றான். "எங்க ஊரு கல்யாணம் மேடம் அது. ஆதிகேசவன் வீட்டுப் பொண்ணு. முகூர்த்தப் புடவையைப் பொட்டியில இருந்து எடுக்கிறாங்க, பார்டரு கறுப்பு. பொண்ணோட அத்த மயக்கம் போட்டுடுச்சு. மாப்ள வீட்ல எழுந்துட்டாங்க. அப்புறம் அண்ணி புடவையைக் கட்டி தாலி ஏறுச்சு. நான் ரெண்டாவது பந்தியில இருந்தேன்."

"நீ எழுந்திரிக்கலையா?"

"பாயசம் வந்துக்கினு இருந்துச்சு மேடம்."

சத்யப்ரியா அவனைப் பார்த்த பார்வையில் பாயசம் திரிந்திருக்கும்.

தறியரசி என்பது பெண் இல்லை. மணிவண்ணன் கடையில் ஓடும் செயற்கை நுண்ணறிவு முகவர். வாட்ஸ்அப்பில் ஆர்டர் வாங்கும். சாயப்பட்டறைக்கு உத்தரவு அனுப்பும். தறிக்காரர் சந்தேகம் கேட்டால் பதிலும் சொல்லும். சம்பளம் கேட்காது என்பதால் முதலாளிக்கு அதன்மேல் பக்தி. அது நலமாக இருக்கிறதா என்று பார்க்கத் தனியாக ஒரு கருவி உண்டு. பெயர் நாடி. பொத்தானை அழுத்தினால் திரையில் 'நலம்' என்றோ 'நலமில்லை' என்றோ வரும். இரண்டையும் செய்து கொடுத்தவன் குமாரவேல்.

"கல்யாணத்துக்குச் சாயம் போட்ட அன்னிக்கு நான் நாடி பாத்தேன்," என்றாள் சத்யப்ரியா. "நலம்னுதான் காட்டுச்சு. ஆனா தறியரசி புது நிற அட்டையை மறந்துட்டு பழைய அட்டையை எடுத்துக்கிச்சு. நம்பரு அதே நம்பரு, நிறம் வேற. அரக்கு போக வேண்டிய எடத்துல கறுப்பு போயிடுச்சு. தறிக்காரர் வாட்ஸ்அப்புல கேட்டிருக்காரு, கறுப்பு சரியா தாயின்னு. அது 'உறுதி'ன்னு பதில் அனுப்பிச்சிருக்குது."

"இதுல உங்க தப்பு என்ன?"

"அதான் மேடம் கூத்தே. என்னைத் தொரத்தின மறுநாள் நாடி கையேட்ல புதுசா ஒரு பக்கம் மொளச்சிருக்குது. 'ஒவ்வொரு சாய உத்தரவுக்கும் முன்னால முழு நாடி பார்க்க வேண்டும், பார்க்காவிட்டால் இயக்குபவரே பொறுப்பு.' முழு நாடின்னு ஒன்னு இருக்கிறதே எனக்குத் தெரியாது. ஆனா அந்தப் பக்கத்துல தேதி வைகாசி, கல்யாணத்துக்கு ரொம்ப முன்னாடி. நான் படிக்காம விட்டுட்டேனாம்."

போனை எடுத்து மேசைமேல் வைத்தாள். ஊர்ப் பட்டு வியாபாரிகள் எல்லாரும் இருக்கிற வாட்ஸ்அப் குழு. அதில் அவளுடைய அடையாள அட்டைப் படம். கீழே, 'கவனக்குறைவானவர். யாரும் வேலைக்குச் சேர்க்க வேண்டாம்.' படத்தில் அவள் கண்கள் பாதி மூடியிருந்தன.

"போட்டது குமாரவேல். எந்தக் கடைக்குப் போனாலும் 'ஓ, நீதானா அது'ன்னு கேக்கறாங்க. ரீசார்ஜ் பண்ணப் போன எடத்துல கேட்டான் மேடம் ஒருத்தன். எங்கப்பா என்கிட்ட பேசறதில்ல. எனக்கு வேலை திரும்ப வேணாம். அதே குழுவுல, அதே எடத்துல, அந்த ஆளு இப்படி நிக்கணும். அவ்ளோதான்."

"நாளைக்கு அந்தக் கையேட்டுக்கு மார்க் போடத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கார் மணிவண்ணன்," என்றாள் ஜாஹ்னவி. "மத்த கடைக்காரங்களுக்குத் தறியரசியை விக்கப் போறாராம் குமாரவேல். வெளி ஆள் மார்க் போட்டாத்தான் வாங்குவோம்னு அவங்க சொல்லிட்டாங்களாம்."

"தெரியும். அதனாலதான் வந்தேன். போடாதீங்க."

"போடாம இருந்தா அவர் வேற ஆளைப் பிடிப்பார். மார்க் போட்டாத்தான் பக்கத்துல போக முடியும்." ஜாஹ்னவி முதல் முறையாகச் சிரித்தாள். அழகான சிரிப்புதான். அதைப் பார்த்ததும் அஜித் ஜூஸைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தான்.

மறுநாள் காலை, காந்தி ரோடு. மணிவண்ணன் பட்டு மாளிகையின் மாடி அறை. குமாரவேல் எழுந்து நின்று வரவேற்றான். நெற்றியில் குங்குமம், கழுத்தில் விலை உயர்ந்த ஹெட்செட். இரண்டும் ஒரே நேரத்தில் எதற்கு என்று கேட்கத் தோன்றும்.

"வாங்க மேம். டாக்குமெண்டேஷன்ல நான் ரொம்ப பர்ட்டிகுலர்." அச்சிட்ட கையேட்டை நீட்டினான். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது.

"கல்யாணப் பத்திரிகையாப்பா?" என்றான் அஜித்.

"எதை ஆரம்பிச்சாலும் முறையா ஆரம்பிக்கணும் பிரதர்."

ஜாஹ்னவியின் முறை எளிமையானது. கையேட்டை அவள் படிப்பாள். அதில் எழுதியிருப்பதை அஜித் அப்படியே செய்வான். சொந்தப் புத்தியைப் பயன்படுத்தக் கூடாது. இந்த விஷயத்தில் அஜித்துக்குப் பயிற்சி தேவைப்படவில்லை.

"'பச்சை எழுத்து வரும்வரை காத்திருக்கவும். பயப்பட வேண்டாம், சில நேரம் டீ குடித்து வரும் அளவு ஆகும்,'" என்று அவள் வாசித்தாள்.

"இது நல்ல கையேடு மேடம்," என்று அஜித் டீ குடிக்கக் கிளம்பினான். அவள் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

குமாரவேல் போன் பேச வெளியே போன நேரத்தில் அஜித் நிற அட்டைக் கோப்பைத் தறியரசியிடமிருந்து பிரித்து எடுத்தான். இப்போது அதற்கு அரக்கும் தெரியாது, கறுப்பும் தெரியாது. நாடியை அழுத்தினான்.

நலம்.

"முழு நாடியும் பாரு."

அழுத்தினான். இன்னும் பெரிய எழுத்தில் நலம்.

"இது எதைத்தான் பாக்குது மேடம்?"

"தறியரசியைக் கூப்பிடுது. அது 'என்ன'ன்னு கேட்டா நலம்னு எழுதிக்கறது. அவ்வளவுதான்."

"எங்க மாமா ஆஸ்பத்திரியில படுத்திருக்கிற ஆளைப் போய்ப் பாத்து நல்லா இருக்கியாப்பான்னு கேட்டுட்டு, அவரு ஆங்ங்கறதுக்குள்ள ஆப்பிளைத் தின்னுட்டு வந்துடுவாரு. அது மாதிரியா?"

"முழு நாடின்னா ரெண்டு ஆப்பிள்."

கோப்பைத் திரும்ப வைத்த நேரம் மின்சாரம் போனது. கீழே ஜெனரேட்டர் இருமிக்கொண்டு எழுந்தது. திரையில் 'மின்சாரம்: நேரடி' என்று இருந்த வரி 'மின்சாரம்: மாற்று' என்று மாறியது. அதன் கீழே, 'தறியரசி உறங்குகிறாள்.'

அஜித் பதறினான். ஜாஹ்னவி கையேட்டைப் புரட்டி, உரிய பக்கத்தை எடுத்து வாசித்தாள். "'மின்சாரம் போனால் பயப்படாதீர்கள். ஜெனரேட்டரிலோ பேட்டரியிலோ ஓடும்போது மாற்று என்று காட்டும். பாதி உத்தரவு அனுப்பிவிடக் கூடாது என்பதற்காகத் தறியரசி தானே உறங்கிவிடும். நேரடி மின்சாரம் வந்தால்தான் எழும். அதுவரை நாடி பார்க்காதீர்கள், பதில் வராது.' அஜித், இதை எழுதினது யாருன்னு நினைக்கிற?"

"கரண்ட் போறப்போ பக்கத்துல உக்காந்திருந்த ஆளு. அந்தப் பொண்ணு."

"இந்தக் கையேட்டை ரெண்டு பேர் எழுதியிருக்காங்க. ஒருத்தி பயந்துபோய்த் திறக்கறவங்களுக்காக எழுதியிருக்கா. இன்னொருத்தர் வக்கீலுக்காக எழுதியிருக்கார்." கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். வேண்டும், வேண்டும், பொறுப்பல்ல, பொறுப்பல்ல என்று நெருக்கமாக வரிகள். நடுவில் ஒரு படம். முழு நாடி பார்த்த திரையின் மாதிரி. தறியரசி நலம், நிற அட்டை நலம், மின்சாரம் நேரடி. மூலையில் வைகாசி மாதத்து ஒரு புதன்கிழமையின் தேதி. காலை ஒன்பதரை மணி.

"தேதி இருக்குதே மேடம். பொண்ணு பொய் சொல்லுதா?"

"கம்ப்யூட்டர் தேதியை எவன் வேணா பின்னாடி தள்ளி வைக்கலாம். அதை உடைக்க முடியாது. ஆனா ஒரு வருஷத்துல இத்தனை நாள் இருக்கே, ஏன் இந்த நாள்?"

அஜித் போனில் பஞ்சாங்கம் பார்த்தான். பார்த்துவிட்டு மெதுவாகத் தலை நிமிர்ந்தான். "முகூர்த்த நாள் மேடம். ஒம்பதே காலுல இருந்து பத்தே கால் வரைக்கும் நல்ல நேரம். படுபாவி, பொய்த் தேதி போடறதுக்கும் நல்ல நேரம் பாத்திருக்கான்!"

"மூலையில மஞ்சள் தடவறவனுக்கு அஷ்டமியில பொய் எழுதக் கை வராது."

"இது சாட்சி ஆகுமா? நல்ல நாள்ல நிஜமாவே எழுதினேன்னு சொல்லிடுவானே."

ஜாஹ்னவி அந்தத் தேதியை இன்னொரு முறை படித்தாள். பிறகு வீட்டுக்குப் போன் போட்டாள். தேதியைச் சொல்லி, தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டாள். மறுமுனையில் அவள் அம்மாவின் குரல் அஜித்துக்கே கேட்டது. "ஆமாண்டி, மறந்துட்டியா? மோர்கூட சுட்டுதே!"

போனை வைத்தாள். குமாரவேல் உள்ளே வந்தான்.

"மேம், எப்படி?"

"அருமை," என்றாள் ஜாஹ்னவி. "நூத்துக்குத் தொண்ணூத்திரண்டு. நாளைக்கு வியாபாரிகள் முன்னாடி நானே சொல்றேன்."

அஜித் படியிறங்கும்வரை பொறுத்துக்கொண்டான். தெருவுக்கு வந்ததும் வெடித்தான். "தொண்ணூத்திரண்டா? எனக்கு செமஸ்டர் மொத்தமும் கூட்டினாக்கூட அவ்ளோ வரலையே மேடம்! அந்தப் பொண்ணுக்கு என்ன பதில் சொல்றது?"

"நாளைக்கு வரச் சொல்லு. பின்வரிசையில, புடவை வாங்க வந்தவ மாதிரி உக்காரச் சொல்லு."

சொன்னான். சத்யப்ரியா போனில் என்ன சொன்னாள் என்பதை இங்கே அச்சிட முடியாது. பாதி வார்த்தை அஜித்துக்கே புதிது.

மறுநாள் கடை மாடியில் வெள்ளை விரிப்பு போட்ட மெத்தையில் ஊர்ப் பட்டு வியாபாரிகள் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் காந்தி ரோட்டுக்காரர்கள், அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள். மணிவண்ணன் நடுவில். பின்னால் சுவரோரம், மடியில் யாரோ பிரித்துப் போட்ட புடவையோடு சத்யப்ரியா. முகத்தைப் பாதி மறைத்திருந்தாள். கண்ணை மறைக்கவில்லை. அந்தக் கண் ஜாஹ்னவியைக் குத்திக்கொண்டிருந்தது.

"தொண்ணூத்திரண்டு மார்க்," என்று ஜாஹ்னவி அறிவித்தாள். கைதட்டல். குமாரவேல் கைகூப்பினான். "ஆனா ஒரு சந்தேகம். இவ்வளவு நல்ல கையேட்டை ஒருத்தரே எழுதினார்னு நம்ப முடியலை. யாராவது கூட உதவினாங்களா?"

"நோ மேம். ஒவ்வொரு பக்கமும் நானே எழுதினது."

"மின்சாரம் போனா என்ன ஆகும்னு இருக்கே, அந்தப் பக்கமும்?"

"அதுவும்தான்."

பின்வரிசையில் புடவை கசங்கும் சத்தம் கேட்டது. அஜித் நகர்ந்து போய் சத்யப்ரியாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். "கொஞ்சம் பொறுமா," என்று முணுமுணுத்தான். "அந்தம்மா ஒரு ஆளைப் புகழ்ந்தா அது நல்லதுக்கில்ல. எனக்கு இப்பத்தான் புரியுது."

"கடைசிப் பக்கத்துப் படம் ரொம்பத் தெளிவு," என்று ஜாஹ்னவி தொடர்ந்தாள். "முழு நாடியை முதல் முதலா எங்க பாத்தீங்க? வீட்ல லேப்டாப்லயா?"

"சேச்சே. இங்கதான் மேம். இதே ரூம், இதே மெஷின். நல்ல நேரத்துல விளக்கேத்தி, சாமி கும்பிட்டு ரன் பண்ணினேன். ஸ்கிரீன்ஷாட்டும் அப்பவே எடுத்தேன். அதான் அந்தப் படம்."

"காலை ஒன்பதரைக்கு."

"ஷார்ப்பா."

"அந்தத் தேதியைக் கொஞ்சம் எல்லாருக்கும் படிச்சுக் காட்டுங்களேன்."

படித்தான். நல்ல குரல்.

முன்வரிசையில் ஒரு பெரியவர் காதில் கை வைத்து, "இன்னொரு தாட்டி சொல்லுப்பா," என்றார். சொன்னான். பெரியவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். அவர் இவரைப் பார்த்தார். யாரோ பின்னால் களுக்கென்று சிரித்தார்.

"ஏம்பா குமாரவேலு," என்றார் பெரியவர், "அன்னிக்குத் தேராச்சே?"

குமாரவேலின் கைகூப்பு அப்படியே நின்றது.

"வரதர் தேர்," என்றாள் ஜாஹ்னவி. "ஒன்பதரைக்குத் தேர் இந்தக் கடை வாசல்ல நின்னுது. நான் வடம் பிடிச்சுண்டு எதிர் வெயில்ல நின்னேன். தேர் போற வரைக்கும் இந்த ரோட்டுல—"

"கரண்டே கிடையாதே!" என்று நாலைந்து குரல்கள் ஒன்றாகக் கிளம்பின. "விடியறதுக்கு முன்னாடியே நிறுத்திட்டான்!" "எங்க கடையில குடுத்த நீர்மோர் சுட்டுக்கினு இருந்துச்சுப்பா, ஃபிரிட்ஜ் ஓடல!" "தேர் திரும்பின அப்புறம்தானே உட்டான்!"

காஞ்சிபுரத்தில் தேரன்று மின்சாரம் இருக்காது என்பதை எந்தப் பஞ்சாங்கத்திலும் போட மாட்டார்கள். எல்லாருக்கும் தெரிந்ததை யார் அச்சடிப்பார்கள்? குமாரவேலுக்கும் தெரியும். ஆனால் பொய்த் தேதி தேடிய அவசரத்தில் அவன் பார்த்தது நல்ல நேரத்தை மட்டும்தான்.

"ஜெனரேட்டர்," என்றான் குமாரவேல். "ஜெனரேட்டர்ல ரன் பண்ணினேன்."

"படத்துல 'மின்சாரம்: நேரடி'ன்னு இருக்கே."

"அது... அது எப்பவும் அப்படித்தான் காட்டும்."

"கையேடு அப்படிச் சொல்லலையே." ஜாஹ்னவி அந்தப் பக்கத்தைத் திறந்து, எல்லாருக்கும் கேட்கும்படி நிதானமாக வாசித்தாள். ஜெனரேட்டரில் ஓடும்போது மாற்று என்று காட்டும். தறியரசி உறங்கிவிடும். அதுவரை நாடி பார்க்காதீர்கள், பதில் வராது. "இப்பத்தானே இது நான் எழுதினதுன்னு சொன்னீங்க?"

"அந்தப் பக்கம் நான் எழுதல!" குமாரவேல் கத்தினான். "அது அவ எழுதினது! அந்த சத்யப்ரியா எழுதினது! அத வச்சு என்னை—"

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவன் காதில் விழுந்தது.

மணிவண்ணன் எழுந்தார். பெருத்த உடம்பு. எழுவதற்கு நேரம் எடுத்தது. அந்த நேரம் முழுவதும் குமாரவேல் நின்றுகொண்டிருக்க வேண்டியிருந்தது. "அப்போ கடைசிப் பக்கம் எப்பப்பா எழுதின? உண்மையைச் சொல்லு. ஆதிகேசவன் கையைப் புடிச்சு, தப்பு எங்க கடையில வேலை பாத்த பொண்ணு மேலன்னு சொல்லிட்டு வந்தவன் நானு."

"சார், அந்தக் கல்யாணத்துக்கு அப்புறம்... கருவி மேல பழி வந்தா யாரும் வாங்க மாட்டாங்க... பிசினஸ் சார்..."

"நிற அட்டையே இல்லாதப்பவும் உங்க நாடி நலம்னுதான் காட்டுது," என்றாள் ஜாஹ்னவி. "அஜித் பாத்தான். வேணும்னா இப்பவே எல்லார் முன்னாடியும் பார்க்கலாம்." யாரும் பார்க்க வேண்டும் என்று சொல்லவில்லை. சில வியாபாரிகள் ஏற்கெனவே செருப்பைத் தேட ஆரம்பித்திருந்தார்கள்.

"யாரும் போகாதீங்க."

சத்யப்ரியா. மடியிலிருந்த புடவையை மடித்து, ஓரம் சரி பார்த்து, மெத்தைமேல் வைத்துவிட்டு எழுந்து வந்தாள். அவளைக் கண்டதும் பாதிப் பேர் அடையாளம் தெரிந்து கண்ணைத் தாழ்த்தினார்கள்.

"ஏன் கீழ பாக்கறீங்க? ஒரு மாசமா என் மூஞ்சிய உத்து உத்துப் பாத்தீங்களே, இப்பவும் பாருங்க."

மணிவண்ணன் கையைப் பிசைந்தார். "தாயி, நாளைக்கே வந்து சேந்துடும்மா. சம்பளம் நீ கேக்கறது..."

"வேலையைப் பத்தி அப்புறம் யோசிக்கறேன் முதலாளி. முதல்ல குழுவுல போடுங்க. அதே வார்த்தை. ஒரு எழுத்து கூட்டவும் வேணாம், கொறைக்கவும் வேணாம். கவனக்குறைவானவர், யாரும் வேலைக்குச் சேர்க்க வேண்டாம்."

"சத்யா, ப்ளீஸ்," என்றான் குமாரவேல். "என் கேரியரே போயிடும்."

"ஆமா," என்றாள் அவள். "எனக்குப் போச்சே, அதே மாதிரி."

ஜாஹ்னவி கையேட்டின் கடைசிப் பக்கத்தைக் கிழித்து குமாரவேலின் சட்டைப் பையில் செருகினாள். மஞ்சள் மூலை வெளியே எட்டிப் பார்த்தது. "தொண்ணூத்திரண்டு மார்க்கும் அந்தப் பொண்ணு எழுதின பக்கங்களுக்கு. இதுக்கு நான் மார்க் போடலை."

அஜித் போனை உயர்த்தினான். "பிரதர், கொஞ்சம் இங்க பாருங்க. நிமிந்து. ஆங், அப்படித்தான்."

வரிசையாகப் படங்கள் எடுத்தான். பிறகு சத்யப்ரியாவிடம் போனை நீட்டினான். "இது நல்லா வந்திருக்குதுமா. கண்ணு நல்லா தொறந்திருக்குது, சட்டைகூட மடிப்பு கலையல. இதயே போட்டுடலாமா?"

அவள் விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். அவசரமே படவில்லை. குமாரவேல் கண் சிமிட்டின நொடியில் விழுந்த படத்தில் நிறுத்தினாள். அதில் அவன் கண்கள் பாதி மூடியிருந்தன.

"இது," என்றாள்.